மிச்சம் மூன்று ஜீபி

உர பேக்கில் சுற்றி
பொகவந்தலாவை பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள்
சந்தனமேரி, தன் கொம்பியூட்டரை.
மேசையில் இறக்கியதும் முதல் வார்த்தை:
"எஸ்எஸ்டி போட்டா பறக்கும்னீங்க.
இது பீலிக்கரை வரிசை மாதிரி நிக்குது."

போன மாசியில், இதே மேசையில்,
சொன்னது நான்தான்.

பட்டனை அமுக்கினேன்.
வட்டம் சுற்றியது.
டிக்கோயாப் பக்கமிருந்து பனி ஏறி
ஹட்டன் ஸ்டேஷன் கூரையைத் தின்று
என் கடைப்படி வரைக்கும் வந்தது.
வட்டம் இன்னும் சுற்றியது.

அளந்தேன். செக்கனுக்கு முப்பத்தொன்று.
பெட்டியில் ஐந்நூறு என்று போட்டிருந்த சாமான்.

மூடியைக் கழற்றினால்
சாம்பிராணி வாசம், ஒரு பல்லி முட்டை,
பழைய ஹார்ட் டிஸ்க்கோடு வந்த சிவப்பு வயர்
முழங்கை மடிந்து மூலையில் நசுங்கி.
பதினோராயிரம் தரம்
வழியில் சிந்தியதைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறது, பாவம்.
வயரை மாற்றினேன். துளையை மாற்றினேன்.
பயோஸுக்குள் போய், முன்காலத்து முறையில் கிடந்ததை
ஏஎச்சிஐ-க்கு மாற்ற
ஒரு தரம் நீலமாகச் செத்தது.
சேஃப் மோடில் கைபிடித்து எழுப்பினேன்.

வாசிப்பு: ஐந்நூற்றுப் பத்து.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம்.

எழுதச் சொன்னதும்
நாலு செக்கன் குதிரை.
அஞ்சாவதில்
நானுஓயா ஏற்றத்துச் சரக்கு ரயில்.

மிச்சம் மூன்று ஜீபி.

"பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்குள்ள
பிள்ளைக்கு ஒரு மேசை வந்தா என்ன செய்வீங்க?"
"கட்டிலத் தூக்கி வாசல்ல வைப்போம், பெறகு திரும்ப அடுக்குவோம்."
"இதுவும் அதைத்தான் செய்யுது,
நீங்க எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும்."

அழிக்கலாமா என்றேன்.
ஃபோல்டரைத் திறந்தாள்.
ஈபிஎஃப். பிறப்புச் சான்று. விவாகச் சான்று. மறுபடி ஈபிஎஃப்.
ஒரே மாதிரியானவற்றைப் பிடிக்க
என்னிடம் ஒரு மென்பொருள் உண்டு.
பிடித்தது:
முத்துக்கருப்பாயி.
முத்துகருப்பாய்.
முத்துகறுப்பை.
ஒரே முகம், ஒரே பிறந்த திகதி.
இரண்டை வெட்டலாம் என்றது திரை.

"தொட்டுறாதீங்க.
பொறந்தப்ப எழுதினது ஒண்ணு, செக்ரோல்ல ஒண்ணு,
ஐடென்டில ஒண்ணு.
மூணும் ஒரே மனுசின்னு காட்ட
மூணும் வேணும். சத்தியக் கடதாசி வேற நாலாவது."

"இவர்?"
"செத்துட்டாரு."
"அப்போ..."
"சம்சாரம் அலையிறா. காசு இன்னும் வரல்ல."

பதினேழு பேரைக் கேட்டேன்.
பதினேழு பேரும் அந்தந்த இடத்திலேயே நின்றார்கள்.
அழிந்தது ஒரு பொங்கல் வாழ்த்து டிசைனும்
நானே மறந்துபோய் விட்ட இன்ஸ்டோலர் இரண்டும்.

"பழைய டிஸ்க் எங்க?"
"கடைக் கதவு காத்துல அடிக்காம
முட்டுக் குடுத்திருக்கு."

ஃபோன் போட்டாள்.
ரெண்டரை பஸ்ஸில் கண்டக்டர் கையில்
லன்ச் ஷீட்டில் சுற்றி வந்தது.
மாட்டினேன். கொஞ்சம் முனகியது, ஆனால் சுழன்றது.
பழைய கடதாசியெல்லாம் மெதுமெதுவாய் அதில் இறங்க
நாங்கள் இரண்டு தேத்தண்ணி குடித்தோம்.
இதுவும் ஒரு நாள் போகும்,
இன்னொரு பிரதி வேண்டும் என்றேன்.
ம்ம், என்றாள்,
எல்லாரும் சொல்கிற ம்ம்.

பாதி காலி. ட்ரிம் கட்டளை கொடுத்து
கொஞ்சம் சும்மா கிடக்க விட்டேன்.
திரும்ப எழும்ப ஒன்பது செக்கன்.

அவள் முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை.
"இம்புட்டு சுருக்கா முடிஞ்சா
ஒரு ஃபோமுக்கு நூறு ரூபா வாங்க
எப்படிங்க மனசு வரும்?"

வயருக்கு மட்டும் பில் போட்டேன்.
பெயர் எப்படி எழுத, என்றேன்,
பேனாவைத் திறந்தபடி.

உர பேக்கின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:
"எந்தக் கடதாசில இருக்கிற மாதிரி?"